கால் ஊனமான லவ் பேர்ட்ஸ் குஞ்சு பொரிக்குமா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் லவ் பேர்ட்ஸ் எனப்படும் பட்ஜிகளை வாங்குபவர்கள் நிறம் பார்ப்பார்கள், மூக்குத் தோலைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். காலை யாரும் பார்ப்பதில்லை. விரல் போனது, கால் வளைந்தது என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஜோடி சேர்ந்து, முட்டையும் இட்டு, அத்தனையும் கூழ்முட்டையானால் பழி அந்தக் காலின் மேல் விழும். பாதி நேரம் குற்றவாளி கூண்டில் இருக்கும் கம்புதான்.

முதலில் ஊனம் எப்படி வந்தது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கம்பியில் மாட்டி விரல் போனதோ, குஞ்சுப் பருவத்தில் கால் விரிந்ததோ குஞ்சுகளுக்குப் போகாது. சிறகும் வாலும் உதிர்ந்து தரையில் ஓடும் ‘ரன்னர்’ பறவைகளின் கதை வேறு. பாலியோமா, சர்க்கோ போன்ற வைரஸ்கள் அதற்குப் பின்னால் இருக்கலாம். அந்தப் பறவைகளை ஜோடி போடக் கூடாது, மற்றவற்றோடு வைக்கவும் கூடாது. இறகு நிற்காமல் வளர்ந்து பஞ்சுருண்டை போலாகும் பட்ஜிக்கு அது மரபணுக் கோளாறு. பெற்ற ஜோடியையே பிரித்துவிடுவது நல்லது.

விபத்தில் ஊனமானது என்றால் மேலே போகலாம். வயது ஒன்றாவது ஆகியிருக்க வேண்டும்.

இனி கம்பு. சேரும்போது ஆண் பெண்ணின் முதுகில் ஏறி, இறக்கையால் அணைத்துக்கொண்டு உடலை வளைக்கும். பெண் அசையாமல் நின்றால்தான் காரியம் நடக்கும். கடையில் தரும் வழுவழுப்பான பிளாஸ்டிக் கம்பில் விரல் குறைந்த பறவைக்குப் பிடிமானம் ஏது? பட்டை உரிக்காத கொய்யா அல்லது வேப்பங்கிளையை, விரல் முக்கால் சுற்று சுற்றும் பருமனில், இரு முனையும் ஆடாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு தட்டைப் பலகையும் இருக்கட்டும். பறக்க முடியாததற்கு முட்டையிடும் பானையைத் தாழ்வாக வைத்து, வாசல் வரை ஏணி சாய்த்தால் போதும். உள்ளே அடைகாக்கும் பெண்ணுக்கு ஆண் ஏறி வந்து ஊட்டிவிடும். ஆசனவாயைச் சுற்றி இறகு அடர்ந்திருந்தால் இரண்டுக்குமே லேசாக நறுக்கிவிடலாம். சுற்றியுள்ள முள் போன்ற சிறு இறகுகளை மட்டும் தொடக் கூடாது.

ஒரு காலே இல்லாத பெண்ணை இதில் இழுக்க வேண்டாம். பாரமெல்லாம் ஒரே பாதத்தில் இறங்கிப் புண்ணாகும்.

நம் ஊர் மண்பானையிலும் ஒரு வம்பு இருக்கிறது. அடி வழுக்கினால் குஞ்சின் கால் இருபுறமும் விரிந்துவிடும், அதாவது ஊனத்தை நாமே உண்டாக்குகிறோம். இரண்டு அங்குலத்துக்கு மரச்சீவல் போட வேண்டும். மாவு போன்ற மரத்தூள் மூச்சுக்கு ஆகாது. அப்படியும் விரிந்தால், எலும்பு இளகியிருக்கும் முதல் இரண்டு வாரத்துக்குள், இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் மைக்ரோபோர் டேப்பால் இணைக்கலாம். குஞ்சு வேகமாகப் பருக்கும் என்பதால் டேப் இறுகுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

பெண் ஒருநாள் விட்டு ஒருநாளாக நாலிலிருந்து ஆறு முட்டை இடும், ஒவ்வொன்றும் பொரிய 18 நாள். அடைகாக்கத் தொடங்கி ஒரு வாரம் கழித்து செல்போன் டார்ச்சை அடியில் பிடித்தால் கரு கூடியதில் சிவப்பு நரம்பு தெரியும். தாய் கால் இடறி முட்டையை உடைக்கிறதா? அதே சமயத்தில் முட்டையிட்ட இன்னொரு ஜோடியின் பானைக்கு மாற்றிவிடலாம்.

தாமல் போன்ற ஏரிக்கரை ஊரில் மொட்டை மாடியில் கூண்டு வைத்திருப்பவர்கள் சித்திரை, வைகாசியில் பானையைக் கழற்றிவிடுவதே சரி. ஏரிக்காற்று மாலையில் வந்தாலும் பகல் வெயிலில் பானைக்குள் குஞ்சு தாங்காது. மற்ற மாதங்களிலும் இரண்டு ஈட்டுக்கு மேல் வேண்டாம். தினை, முருங்கைக்கீரை, கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருக்கட்டும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை உள்ளேயே அடைத்துக்கொள்ளும்: பெண் தரையில் உப்பி உட்கார்ந்து வாலை ஆட்டி முக்கும். உடனே கதகதப்பான பெட்டியில் வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.