மூச்சை அறிவோம்

உணவின்றிப் பல நாட்கள் வாழலாம்; மூச்சின்றிச் சில நிமிடங்களே வாழ இயலும். நாம் வாழும் இலண்டன் மாநகரம் இவ்வுண்மையைத் துயரத்தின் மூலம் கற்றது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து நகரை மூடியபோது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 2013இல் லூயிஷம் பகுதியில், எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி ஆஸ்துமாவினால் இறந்தாள். அவளது மரணத்திற்கு மாசடைந்த காற்றும் காரணம் என 2020இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

ஆகவே, மூச்சின் மாற்றத்தை உணர்வது ஒவ்வொரு குடும்பத்தினரும் கற்க வேண்டிய பாடமாகும்.

எண்ணுதல்: நோயாளி அமைதியாக இருக்கும்போது, நெஞ்சு ஒருமுறை எழுந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு, முழு நிமிடம் எண்ணுக. எண்ணுவதை அவர் அறிந்தால் மூச்சு மாறிவிடும். வளர்ந்தோர் ஓய்வில் நிமிடத்திற்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவர். குழந்தைகளின் மூச்சு இயல்பாகவே விரைவானது. எனினும், இருமலுள்ள குழந்தை இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 தடவையோ, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 தடவையோ, அதற்கு மேலோ மூச்சு விட்டால், அது விரைவு மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

பார்த்தல்: விலா எலும்புகளின் இடைவெளி உள்ளிழுபடுதல், மூக்குத் துளைகள் விரிதல், ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க இயலாமை ஆகியன ஆபத்தின் அறிகுறிகள். உதடு நீலமாகும் என நூல்கள் கூறும். நம்மைப் போன்ற மாநிறத்தோரிடம் அது எளிதில் தெரியாது. நாக்கு, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும் கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டக்கூடும். எனவே கருவியை மட்டும் நம்பலாகாது.

கேட்டல்: மூச்சை வெளிவிடும்போது எழும் சீழ்க்கை போன்ற ஒலியே இழுப்பு. இழுத்த ஒலி அடங்கி, நோயாளியும் சோர்ந்துவிட்டால் அது குணமடைதல் அன்று. காற்றே செல்லவில்லை என்பதன் எச்சரிக்கையாக இருக்கலாம்.

மாணவர்களே! அம்மம்மா "மூச்சு முட்டுது" என்று கூறும்போது, அதனை வைத்தியருக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைப்பவர் பல வேளைகளில் நீங்களே. எப்போது தொடங்கியது, நிமிடத்திற்கு எத்தனை மூச்சு, பேச முடிகிறதா என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். மேற்கூறிய ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டால் விடியும்வரை காத்திராது 999ஐ அழையுங்கள்.

பயிற்சி: ஓய்விலும், படியேறிய பின்னரும் உங்கள் மூச்சை எண்ணி எழுதுக. வேறுபாட்டிற்குக் காரணம் கூறுக.