கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மாடியில் காய்கறி வளர்க்கும் சகோதரிகள் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தால் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "கத்தரியில் புழு விழுந்திருக்கிறது, என்ன மருந்து அடிப்பது?"

பிள்ளைகள் விளையாடும், துணி காயும் மாடியில் பூச்சிமருந்து தெளிக்கும்படி நாங்கள் சொல்வதில்லை. தவிர, கத்தரிப் புழு தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் இருக்கிறது. மேலே அடிக்கும் மருந்து அதனிடம் சரியாகப் போய்ச் சேராது. வாடித் தொங்கும் நுனியைச் சற்றுக் கீழே வெட்டி அழித்துவிடுங்கள். பக்கத்தில் கொத்தமல்லி விதையுங்கள்.

வாசனைக்கே பூச்சி ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வாசனைக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய வேலை பூவில் நடக்கிறது. கொத்தமல்லி, சோம்பு ஆகியவற்றின் சின்னப் பூக்களில் தேன் குடிக்க வரும் நுண்ணிய குளவிகள், பூச்சிகளின் முட்டையிலும் புழுவிலும் தங்கள் முட்டையை இட்டு அவற்றை அழிக்கின்றன. பொறிவண்டும் வரும், அது அசுவினியைத் தின்னும். நம் ஊர் வெயிலில் கொத்தமல்லி சீக்கிரம் பூத்துவிடும். 'வீணாகிவிட்டது' என்று பிடுங்கிப் போடுகிறோம். நான்கு செடியையாவது விட்டுவையுங்கள்.

தக்காளிக்குச் செண்டுமல்லி. துலுக்கச் சாமந்தி என்று நம் பெயரையும் அதற்கு வைத்திருக்கிறார்கள். பூவோ மெக்சிகோவிலிருந்து வந்தது! பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை, 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செண்டுமல்லி நாற்றை நட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுச் செண்டுமல்லி மொட்டில் முட்டையிடும். மாடியில் 16 வரிசைக்கு இடம் ஏது? நான்கைந்து பைகளுக்கு ஒரு தொட்டி வையுங்கள். ஆனால் மொட்டுகளை அடிக்கடி பார்த்துப் புழுவைப் பொறுக்க வேண்டும். பார்க்காமல் விட்டால் நாமே புழு வளர்த்ததாகிவிடும்.

புதினாவைத் தனித் தொட்டியில் வைத்துப் பக்கத்தில் நகர்த்துங்கள். ஒரே பையில் நட்டால் வேர் ஓடி மற்றச் செடியை நெருக்கிவிடும்.

மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் துணைச்செடி மட்டும் போதாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். பூக்களின் மேல் மட்டும் வேண்டாம்.