முதலில் சூடு, பிறகு நீட்சி

மாலை வேளையில் தோட்டத்துத் திடலில் காற்பந்தும் கபடியும் நடைபெறுவது மகிழ்ச்சிக்குரிய காட்சியாகும். ஆயினும், ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஓர் இளைஞர் தொடையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். கிழிந்த தசை ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். மரம் சீவிப் பிழைப்பவருக்கு அந்நாள்களெல்லாம் ஊதியம் இழந்த நாள்களாகும். எனவே, தசை என்பது யாது, அதனை எப்பொழுது, எவ்வாறு நீட்ட வேண்டும் என்பதை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

தசையின் அமைப்பு

எலும்புகளை அசைக்கும் தசைகள் நம் உடலில் 600க்கும் மேல் உள்ளன. பல நார்கள் சேர்ந்து ஒரு கயிறு ஆவதுபோல், மெல்லிய இழைகள் பல சேர்ந்து ஒரு தசை ஆகிறது. அதன் முனைகள் உறுதியான நாண்களாகி எலும்பைப் பற்றியிருக்கும்.

தசைக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. ஆதலால் தசைகள் எதிரெதிராக நின்று வேலை செய்கின்றன. தொடையின் முன்புறத்து 4 தசைகள் முழங்காலை நீட்டுகின்றன; பின்புறத்து 3 தசைகள் அதனை மடக்குகின்றன. இப்பின்தசைகள் பெரும்பாலும் நாம் உட்காரும்போது உடலைத் தாங்கும் இடுப்பெலும்பில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே சென்று முடிகின்றன. விரைந்து ஓடும்போது முன்னே வீசப்படும் காலை அடக்கி நிறுத்துவது இவற்றின் கடமை. நீண்டுகொண்டே இழுக்க வேண்டிய அந்தக் கணத்தில்தான் இவை பெரும்பாலும் கிழிகின்றன.

“நாள் முழுவதும் உழைக்கும் எங்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு?” என்று சிலர் வினவுவர். தாழ்ந்த வெட்டுக்குக் குனிகிறோம். உயர்ந்த வெட்டுக்குத் தலையை நிமிர்த்துகிறோம். பால் வாளியைச் சுமக்கிறோம். இவை கடுமையான உழைப்பே. ஆனால் இவ்வேலைகளில் தசைகள் ஒரே அளவில், ஒரே வேகத்தில் இயங்கிப் பழகிவிடுகின்றன. பந்தைத் துரத்தும்போதோ அவை முழு நீளத்துக்கும் முழு வேகத்துக்கும் திடீரென அழைக்கப்படுகின்றன. உழைத்த உடல் என்பதால் அது ஓட்டத்துக்கு ஆயத்தமான உடல் ஆகிவிடாது.

ஆட்டத்துக்கு முன்

ஆட்டத்துக்கு முன் குனிந்து கால்விரலைத் தொட்டபடி நெடுநேரம் நிற்பதே நல்ல ஆயத்தம் என்று பலரும் கற்றிருக்கிறோம். ஆனால், ஒரு தசையை 60 நொடிக்கு மேல் அசையாமல் நீட்டிப் பிடித்தால், அதன் விசை சிறிது நேரம் குறைகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே முதலில் வேண்டியது இயக்கம். இயக்கத்தால் இரத்த ஓட்டம் பெருகித் தசை சூடேறுகிறது. சூடேறிய தசை விரைவாகச் சுருங்குகிறது.

ஏறத்தாழ 10 முதல் 15 நிமிடம் இவ்வாறு செய்க: மெல்ல ஓடுதல், முழங்காலை உயர்த்தி நடத்தல், பக்கவாட்டில் அடியெடுத்து ஓடுதல், காலை முன்னும் பின்னும் வீசுதல், இறுதியில், படிப்படியாக வேகம் கூட்டிச் சில ஓட்டங்கள்.

நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 காற்பந்து வீராங்கனைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2008ஆம் ஆண்டில் வெளியாயின. ஓட்டம், வலுப்பயிற்சி, சமநிலைப் பயிற்சி ஆகியவை அடங்கிய ஆயத்தப் பயிற்சியைச் செய்த குழுக்களில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. இப்பயிற்சிக்குச் சிறிது நேரமும் ஒழுங்கும் இருந்தால் போதும். விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை.

ஆட்டத்துக்குப் பின்

உடல் சூடாக இருக்கும்போது பின்வரும் நீட்சிகளைச் செய்யலாம். ஒவ்வொன்றையும் 30 நொடி பிடித்து, இரு கால்களுக்கும் இரண்டு முறை செய்க.

1. தொடைப் பின்தசை: குதிகாலை ஒரு தாழ்ந்த படியின்மீது வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னே சாய்க.

2. தொடை முன்தசை: ஒரு கையால் சுவரைப் பற்றி நின்று, மறு கையால் கணுக்காலைப் பிடித்துக் குதிகாலைப் பின்னே இழுக்க.

3. கெண்டைக்கால்: சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்துக் குதிகாலைத் தரையில் பதிக்க. இங்கு இரு தசைகள் ஒரே குதிநாணில் இணைகின்றன. மேல்தசை முழங்காலையும் கடந்து செல்வதால் முழங்காலை நேராக வைத்து ஒரு முறையும், அடித்தசைக்காகச் சற்றே மடக்கி ஒரு முறையும் செய்ய வேண்டும்.

நீட்டும்போது துள்ளலாகாது. தசைக்குள் நீளத்தை உணரும் நுண்ணுறுப்புகள் உள்ளன. தசை திடீரென நீண்டால் அவை உடனே அதனைச் சுருங்கச் செய்கின்றன. மெல்ல நீட்டி, இயல்பாக மூச்சு விடுக. இழுப்பு தெரியலாம், வலி தெரியலாகாது. சில வாரங்கள் தவறாமல் செய்து வந்தால் பலன் புலப்படும்.

தசை கிழிந்தால்

ஓட்டத்தின் நடுவே சுரீரென்று வலித்தால் உடனே ஆட்டத்தை நிறுத்துக. அவ்விடத்தை நீட்டிப் பார்ப்பதும், எண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பதும் தொடக்க நாள்களில் கூடா. அவை உட்கசிவை மிகுதியாக்கும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, காலை உயர்த்தி ஓய்வு கொள்க. நடக்க இயலாவிட்டாலும், வீக்கமோ கருநிறமோ பரவினாலும் மருந்தகத்துக்குச் செல்லத் தயங்கலாகாது.

தோட்டத்து விளையாட்டுக் குழுத் தலைவர்கள் ஆட்டத்துக்கு முந்திய கால் மணி நேரத்தை ஆயத்தப் பயிற்சிக்கென ஒதுக்கிட வேண்டுகிறோம். இளையோர் ஆட்டத்தில் வெல்லட்டும். மறுநாள் விடியற்காலையில் நலமாக எழுந்து பெரட்டுக்கும் செல்லட்டும்.