பிரேக் குழாயில் ஒளிந்த காற்று

கேமரன் மலையிலிருந்து தாப்பா நகருக்கு இறங்கும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தாக வேண்டும். காய்கறிக் கூடைகளை ஏற்றிய பழைய நான்கு சக்கர இயக்க வாகனம் ஒன்று அவ்வழியே இறங்குவதாக எண்ணிப் பாருங்கள். பாதி வழியில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்குகிறது. மறுமுறை மிதித்தால் இன்னும் ஆழமாகப் போகிறது. ஓட்டுநர் பதறாமல் கியரைக் குறைத்து, எஞ்சினின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓரமாக நிறுத்திவிடுகிறார். பார்த்தால் பிரேக் கட்டைகள் தேயவில்லை, எண்ணெயும் ஒழுகவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் மிதி மீண்டும் இறுகிவிடுகிறது. ‘சரியாகிவிட்டது’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள திரவம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தைக் கொண்டு செல்கிறது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட உண்மை. திரவம் எளிதில் சுருங்காது. காற்றும் நீராவியும் சுருங்கும். குழாயில் சிறு குமிழி இருந்தாலும் கால் கொடுக்கும் விசையின் ஒரு பகுதி அதை நசுக்குவதிலேயே வீணாகும்.

பிரேக் எண்ணெய் என்று அழைத்தாலும் அது உண்மையில் எண்ணெய் அன்று. பெரும்பாலும் கிளைகோல் சார்ந்த திரவம்; ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு இவ்வெல்லைகள் 230, 155 பாகை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கின் வெப்பம் இந்த அளவை எட்டினால் ஈரமேறிய திரவம் கொதித்து ஆவிக் குமிழிகளை உண்டாக்குகிறது. ஆறியதும் ஆவி மறைகிறது, நீர் மறைவதில்லை.

ஆகவே பழைய திரவத்தை வெளியேற்றிப் புதியதை நிரப்ப வேண்டும். உடன் காற்றையும் எடுக்க வேண்டும். பட்டறையில் இது இருவர் செய்யும் வேலை. ஒருவர் இருக்கையில் அமர்வார். மற்றவர் சக்கரத்தருகே ஸ்பேனருடன் குனிந்திருப்பார்.

“மிதி, தம்பி!”

“மிதிச்சிட்டேன், அண்ணே.”

“அப்படியே பிடி!”

கீழே இருப்பவர் காற்று வெளியேற்றும் திருகைச் சற்றே தளர்த்துகிறார். அதில் மாட்டிய தெளிவான குழாயின் மறுமுனை, புதிய திரவம் உள்ள புட்டியில் மூழ்கியிருக்கும். குமிழிகள் வெளிவருகின்றன. திருகை முடுக்கிய பிறகுதான் “விடு!” என்பார். ஒரு நொடி முந்தினால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பழைய வாகனத்தில் திருகு துருப்பிடித்து முறிந்துபோகலாம். முந்தைய நாளே துருவை இளக்கும் எண்ணெய் தெளித்து வைப்பது நல்லது. மிதியின் அடியில் ஒரு மரக்கட்டையை வைப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம். மிதி தரைவரை போனால், சிலிண்டருக்குள் பல்லாண்டுகள் பயன்படாத கரடுமுரடான பகுதியில் ரப்பர் வளையம் உரசிக் கிழியக்கூடும்.

பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு வெகுதொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவர். எனினும் ஏபிஎஸ் உள்ள வாகனங்களில் வரிசை மாறலாம். சிலவற்றில் பின் அச்சின் சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் வால்விலும் காற்றெடுக்க வேண்டும். வேறு சில பழைய வகைகளில் உயர் அழுத்தத்தில் திரவத்தைச் சேமிக்கும் கலன் உண்டு. அதன் அழுத்தத்தை இறக்காமல் குழாயைக் கழற்றினால் திரவம் பீறிட்டுக் கண்ணைக் காயப்படுத்தும். இங்கு ஊகம் உதவாது, அவ்வாகனத்தின் கையேடே உதவும்.

ஏபிஎஸ்ஸில் இன்னொரு பொறியும் உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை உணரிகள் அறிந்ததும், அதன் வால்வுகள் நொடிக்குப் பலமுறை அழுத்தத்தைக் குறைத்தும் கூட்டியும் சக்கரத்தை உருளச் செய்கின்றன. அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகள் சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும். திரவத் தொட்டியைக் காலியாக விட்டதால் காற்று அவற்றுக்கு அப்பால் நுழைந்துவிட்டால், மிதித்து மிதித்துக் காற்றெடுத்தாலும் அது வெளியே வராது. மிதியோ உறுதியாகத் தோன்றும். பிறகொரு நாள் மழைச் சாலையில் ஏபிஎஸ் இயங்கும்போதுதான் அக்காற்று குழாய்க்குள் வந்து சேரும். ஒரு பிள்ளை சாலையைக் கடக்கும் கணமாகவும் அது இருக்கலாம். இதைத் தவிர்க்க, பல வாகனங்களில் சோதனைக் கருவியை இணைத்து வால்வுகளையும் பம்பையும் இயக்கியபடியே காற்றெடுப்பர். அக்கருவி இல்லாத பட்டறை, வேலையை அது உள்ள இடத்திற்கு அனுப்பிவிடுவதே நேர்மை.

வேலை முடிந்ததும் எஞ்சினை இயக்கி மிதியை அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும்; அது மெல்ல மெல்ல இறங்கக் கூடாது. ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைய வேண்டும். திருகுகளில் கசிவில்லை என்று உறுதிசெய்தபின், ஆளில்லாத சமதளத்தில் நடை வேகத்தில் முதல் சோதனை. மலைச்சாலை அதற்குப் பிறகுதான்.