சுவருள் மறைந்த ஈரமும் பூஞ்சணமும்

ஆனித் திங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே புகும் மேல்காற்று தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் சாரலைக் கொணர்கின்றது. அருவியாட வருவார்க்கு அஃது இன்பம். வீட்டுச் சுவர்களுக்கோ அது சோதனைக் காலம். ஜூன் முதல் செப்டம்பர் ஈறாகச் சாரலும், அக்டோபர் முதல் டிசம்பர் ஈறாக வடகீழ்ப் பருவமழையும் மாறி மாறி வருதலின், நனைந்த சுவர் முற்றும் உலர்தற்கு இங்கே வாய்ப்புக் குறைவு. ஆதலின் ஈரம் எங்கே மறைந்துறைகின்றது, அதனை எவ்வாறு கண்டு களைவது என்பதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

நம் முன்னோர் கட்டிய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. அக்காரை ஈரத்தை ஏற்கும். வெயில் கண்டவுடன் அதனை வெளிவிடும். ஆண்டுதோறும் அடித்த வெள்ளையும் காரத்தன்மை உடையதாதலின் பூஞ்சணத்தை எளிதில் வளரவிடாது. இக்கால அடுக்கு வீடுகளோ கான்கிரீட்டும் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் வண்ணமும் கொண்டு எழுவன. கீறல் வழியே உட்புகுந்த நீர் எளிதில் வெளியேற இயலாமல் வண்ணத்தின் பின்னே தங்கிவிடுகின்றது. கண்ணுக்குச் சுவர் அழகாகவே தோன்றும்; கேடு உள்ளே வளரும்.

பூஞ்சணம் யாது?

பூஞ்சணம் விலங்கும் அன்று, பச்சிலைச் செடியும் அன்று. காளான் இனத்தைச் சார்ந்த உயிர். அதன் நுண்வித்துக்கள் காற்றில் எங்கும் மிதப்பன. அவை முளைத்தற்கு உணவு, வெப்பம், ஈரம் என்னும் மூன்றும் வேண்டும். மரம், தாள், பசை, தூசி ஆகிய அனைத்தும் அதற்கு உணவே. நம் நாட்டு வெப்பமும் அதற்கு ஏற்றதே. இவ்விரண்டையும் நாம் விலக்குதல் அரிது. எஞ்சியது ஈரம் ஒன்றே. அதனை நீக்கினால் பூஞ்சணம் வளர்ச்சி குன்றும். நீக்காவிடின் எத்துணை மருந்து தெளிப்பினும் மீண்டும் எழும்.

1928-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு பூஞ்சணத்தினின்றே பெனிசிலினைக் கண்டறிந்தார் என்பது மாணவர் அறிந்ததே. ஆயினும் மருந்தளித்த அவ்வினமே வீட்டுக் காற்றில் மிகுந்தால் நோய்க்கு ஏதுவாகும். ஈரமும் பூஞ்சணமும் மலிந்த வீடுகளில் வாழ்வார்க்கு இருமலும் இழுப்பும் ஈளை நோயும் மிகுதியாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020-ஆம் ஆண்டு இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. நெடுநாள் பூஞ்சணத்தைச் சுவாசித்தமையே அதற்குக் காரணம் என 2022-ஆம் ஆண்டு விசாரணை முடிவு செய்தது. எனவே இதனை வெறும் அழகுக் குறையென்று தள்ளுதல் தகாது.

கண்டறியும் முறை

முதற்கருவி மூக்கே. பூட்டிவைத்த அறையைத் திறந்தவுடன் மண்வாடை வீசின், பீரோவின் பின்புறம், மெத்தையின் அடி, புத்தக அடுக்கின் மூலை ஆகியவற்றை நோக்குக. பின்னர் ஈரத்தின் ஊற்றைத் தேடவேண்டும். அது நால்வகைப்படும்.

ஒன்று, தரையினின்று ஏறும் ஓதம். இது சுவரின் அடியில் மிகுந்து, ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் அலைபோன்ற கறைக்கோட்டுடன் நிற்கும்; வெள்ளுப்புப் பூக்கும்.

இரண்டு, மாடியினின்று இறங்கும் கசிவு. இது மழைக்குப் பின் பெருகும். மழையில்லா நாளில் மாடியில் சிறு வரம்பு கட்டி இரண்டங்குல நீரை 48 மணிநேரம் நிறுத்திக் கீழே கறை படருகின்றதா என்று பார்க்கலாம்.

மூன்று, குழாய்க் கசிவு. இரவில் எல்லாக் குழாய்களையும் அடைத்து நீர்மானியின் எண்ணைக் குறித்துக்கொள்க. காலையில் எண் ஏறியிருப்பின் கசிவு உண்டு. மேல்வீட்டுக் குளியலறைத் தரையே ஐயத்திற்குரியதாயின், அதில் வண்ணநீர் தேக்கிக் கீழ்வீட்டில் நிறம் தோன்றுகின்றதா என நோக்கலாம். சான்று கிடைத்தபின் அயலாரோடு வழக்காட வேண்டுவதில்லை. செலவைப் பகிர்ந்து பழுது பார்த்தலே எளிது.

நான்கு, காற்றின் நீராவி குளிர்ந்த சுவரிற் படிதல். 27 பாகை வெப்பமும் நூற்றுக்கு 85 ஈரப்பதமும் உள்ள காற்று, 24 பாகைக்குச் சற்று மேற்பட்ட நிலையிலேயே பனியாகப் படியத் தொடங்கும். சுவர் மூன்று பாகை குளிர்ந்திருந்தாலே போதும்.

சுவரினின்று வரும் ஈரமோ, காற்றினின்று வரும் ஈரமோ என்னும் ஐயம் எழின், ஓரடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் ஒட்டி நான்கு ஓரங்களையும் அடைத்து, இரண்டு நாள் கழித்துப் பார்க்க. தாளின் உட்புறம் நனைந்திருப்பின் ஈரம் சுவருடையது. வெளிப்புறம் நனைந்திருப்பின் காற்றினுடையது.

களையும் முறை

முதலில் ஊற்றை அடைக்க. அடுத்துச் சுவரை உலர்த்துக. அதன்பின்னரே பூஞ்சணத்தை நீக்குக. இவ்வரிசை மாறின் உழைப்பு வீண். கைந்நூல் அளவு, அதாவது பத்துச் சதுர அடிக்கு உட்பட்ட கறையை வீட்டாரே துடைக்கலாம். அதற்கு முகமூடியும் கையுறையும் வேண்டும். உலர்ந்தபடியே சுரண்டின் வித்துக்கள் அறையெங்கும் பறக்குமாதலின், முதலில் நனைத்து, சவர்க்கார நீரால் தேய்த்துத் துடைத்து உலர விடுக. வெளுப்புத் தூளை அமிலத்தோடேனும் அம்மோனியாவோடேனும் ஒருபோதும் கலத்தல் ஆகாது, நச்சுவாயு எழும். உப்பித் தளர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதுப்பூச்சிடுக. ஊறிப்போன மெத்தையையும் அட்டைப் பலகையையும் விலக்குதலே நன்று. பழஞ் சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசற்க.

சாரற் காலத்திற்குரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. வீடு உலரவேண்டிப் பலகணிகளை நாள்முழுதும் திறந்து வைப்பார் பலர். வெளிக்காற்றே நீராவி நிறைந்திருக்கும்போது அஃது ஈரத்தை உள்ளே அழைப்பதாகும். சாரல் ஓய்ந்து வெயில் முகங்காட்டும் வேளையில் திறந்து, மழைவேளையில் அடைத்தல் நலம். சமையலறையிலும் குளியலறையிலும் புகைபோக்கி விசிறி வேண்டும். நனைந்த துணியைப் படுக்கையறையில் உலர்த்தல் ஆகாது. பீரோவைச் சுவரினின்று நான்கு விரல் தள்ளி வைத்தல் வேண்டும்.

திருமறையும் இதனைப் பேசுகின்றது. லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில், வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமான கறை தோன்றின் செய்யவேண்டியன கூறப்பட்டுள்ளன. ஆசாரியன் வருமுன் பொருள்களை வெளியேற்றல், ஏழு நாள் வீட்டை அடைத்து வைத்து மீண்டும் நோக்கல், கறை படர்ந்த கற்களைப் பெயர்த்தல், பூச்சைச் சுரண்டி ஊருக்குப் புறத்தே கொட்டல், புதுக்கல் வைத்துப் பூசல், மீண்டும் தோன்றின் வீட்டையே இடித்தல் என்பன அவை. அங்கே கறையின்மேல் வண்ணம் பூசி மறைக்குமாறு யாண்டும் கூறப்படவில்லை என்பதனை நோக்குக.

நாமோ பண்டிகைக்கு முன் வண்ணம் பூசி மறைத்துவிட்டு, அடுத்த சாரலில் அதே கறையைக் கண்டு வியக்கின்றோம். வாடகைக்கு விடுவோரும், வாழ்வோரும், கட்டிடம் பயிலும் மாணவரும் மேற்கூறிய வரிசையைக் கைக்கொள்வாராயின், குழந்தைகளும் முதியோரும் நல்ல காற்றைச் சுவாசித்து நலமுற வாழ்வர் என்பது திண்ணம்.