பட்டா இல்லாத வீடு

ஈப்போவைச் சுற்றியுள்ள ஆற்றங்கரைகளிலும் பழைய ஈயக் குட்டைகளின் ஓரங்களிலும் ஒரு காலத்தில் பலகை வீடுகள் பெருகின. அவை நின்றது அரசாங்கத்துக்குச் சொந்தமான புறம்போக்கு நிலம். அங்கே குடியேறியோர் எல்லாரும் பேராசைக்காரர்கள் அல்லர். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது, கிந்தா பள்ளத்தாக்கில் பலர் காட்டோர நிலத்தைத் திருத்தி மரவள்ளி நட்டனர். 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின் கீழ், நாடெங்கும் இத்தகையோர் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர்.

அதே காலக்கட்டத்தில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயன் வீடு வேலையோடு வந்தது; வேலை போனதும் வீடும் போயிற்று. தொழிலாளர்களே தோட்டங்களை வாங்க வேண்டுமென்று, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் சில புறம்போக்கு நிலத்தில்தான் கூரை போட்டன.

வறுமையால் குடிசை போட்டவரையும், இலாபத்திற்காக மண்வாரி இயந்திரத்தைக் கொண்டு மலைச்சரிவை மொட்டையடிப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. மரம் வெட்டப்பட்ட சரிவில் மழை பெய்தால் மண் கரைந்து ஆற்றில் படியும். ஆறு மேடாகித் தாழ்வான குடியிருப்புகளில் வெள்ளம் புகும். எனினும், 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 425-ஆம் பிரிவு இருவருக்கும் பொருந்தும். அனுமதியின்றி அரசு நிலத்தில் குடியிருப்பதும் கட்டடம் எழுப்புவதும் பயிரிடுவதும் குற்றமாகும். 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இதற்கு 500,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வேறு சில நாடுகளில் நெடுங்காலம் குடியிருந்தாலே நிலத்தில் உரிமை கோரலாம். மலேசியாவில் 48-ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை. வீட்டை உடைக்கும் அறிவிப்பு வரும்போது, மக்கள் முப்பது ஆண்டு மின்கட்டண ரசீதுகளைக் கட்டாகத் தூக்கி வருவதுண்டு. அவை குடியிருந்ததற்குச் சான்றாகலாம், பட்டா ஆகா. தற்காலிக நில உரிமமும் அப்படித்தான். அது ஆண்டு முடிவோடு காலாவதியாகும். உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். தந்தை பெயரிலிருந்த உரிமத்தைப் பிள்ளைகள் வாரிசாகப் பெற முடியாது. அவர்கள் நில அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.