நிலம் எங்கே?

கிள்ளான் பக்கம் காய்கறி போட ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்பது, "கடன் கிடைக்குமா?" நான் திருப்பிக் கேட்பேன்: "நிலம் எங்கே?"

கடனுக்கு அக்ரோபேங்க் இருக்கு. இளைஞர்களுக்கு 'அக்ரோபிரெனர் மூடா' உதவித் திட்டமும் உண்டு. அரசு நிலத்துக்கான தற்காலிக உரிமமோ எப்போது எடுத்தாலும் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும், மறுபடி புதுப்பிக்கணும். அதை நம்பிக் கீரை போடலாம், டுரியான் நட முடியுமா?

தோட்டத் துண்டாடலின்போது நம் தாத்தா பாட்டிகளும் நிலத்துக்குத்தான் தவித்தார்கள். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 வெள்ளி கட்டி, தோட்டங்களையே வாங்கினார்கள். பிரிக்பீல்ட்ஸ் சாலை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

நாமும் நாலு பேர் சேர்ந்தால், தனியார் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்கலாம்.

சிந்திக்க: உங்கள் கிளையில் எத்தனை பேர் சேர்வீர்கள்?